லிஃப்ட் வராத நாலாவது மாடி

சொந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுப்பதும் ஒரு தொழில்தான் என்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள். கொடுத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

குழி

செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. பில்டர் சேகர் வந்தார். நான்கு மாடி, மாடிக்கு இரண்டு ஃபிளாட், ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு என்றார். குடியிருக்க நாலாவது மாடியை எடுத்துக்கொண்டோம். காற்று வருமாம், என் கணவரின் கண்டுபிடிப்பு. அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி என்பதை அப்போது இருவருமே மறந்துவிட்டோம்.

கட்டடம் எழும்பியது, பூச்சு முடிந்தது. லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு குழி. நாங்களோ வாடகை வீட்டில். கான்வென்ட்டில் கற்ற இங்கிலீஷ் மொத்தத்தையும் சேகர் மேல் கொட்டினேன். அவர் தமிழில், நிதானமாக, "என் ஃபிளாட்டு வித்தாத்தானே மேடம் லிஃப்டு" என்றார்.

பார்க்க வந்தவர்களெல்லாம் லிஃப்ட் வந்தால்தான் வாங்குவோம் என்றார்கள். சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு நானே வீடு காட்டக் கிளம்பினேன்.

மண்

மறைமலைநகர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர் ஒருவர், பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு வந்தார். வீட்டைப் பார்க்கவே இல்லை. "மண்ணு எவ்ளோம்மா வரும்?" என்றார். நிலத்தில் எல்லோருக்கும் பிரிக்காத பங்கு உண்டு என்று விளக்கினேன். கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்று காலால் தட்டிப் பார்த்தார்.

"பங்கெல்லாம் சரி. என் மண்ணு மேல எவன் காரு நிக்கும்னு சொல்லு, அப்பால பேசலாம்."

கணக்கு

அடுத்தது கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு விஞ்ஞானியும் அவர் மனைவியும், திருநெல்வேலிக்காரர்கள். மூன்றாம் மாடி வரை அவர் வகுப்பு எடுத்துக்கொண்டே ஏறினார். மாடி கூடக் கூட ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் நிலத்தின் விலை குறைகிறதாம். ஆனால் இன்னும் உயர்ந்தால் தீயணைப்பு விதி, தடித்த தூண் என்று செலவு எகிறிவிடுமாம். ஆகவே இந்தத் தெருவுக்கு நாலுதான் லாபமாம். எனக்கே பில்டர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மனைவி மூச்சு வாங்கப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கணக்கெல்லாம் சரிதாங்க. அரிசி மூட்டைய யாரு தூக்கிட்டு வருவா, ஒங்க கணக்கா?"

வத்தல்

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயரான வசந்தா அக்காவுக்கு முதல் மாடி பிடித்துப்போனது. ஒரே நிபந்தனை: லிஃப்டுக்குப் பங்கு தர மாட்டார். "நான் நடந்துகினே போயிடுவேன், ஒனக்கு நான் ஏன் துட்டு கட்டணும்?" சேகர் தலையாட்டத் தயாராகிவிட்டார். முதல் மாடிக்கு விலக்கு என்றால் இரண்டாம் மாடி சும்மா இருக்குமா? கடைசியில் என் கணவரின் முட்டிதான் மொத்தச் செலவையும் தாங்க வேண்டும்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "மொட்ட மாடில வத்தல் காயப் போட எனக்கு எடம் உண்டுல்ல?"

"தாராளமா. மாவு வாளியை இடுப்பில வெச்சுக்கிட்டு எல்லாப் படியும் ஏறுங்க" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். குழியைப் பார்த்தார். பிறகு சேகர் பக்கம் திரும்பினார்.

"இந்தாப்பா, லிஃப்டு பங்கையும் சேத்தே அட்வான்ஸ் குடுக்கறேன். மொதல்ல லிஃப்ட போடு. கோடைக்குள்ள வரல, ஒன் ஆபீஸு மேலதான் காய வைப்பேன்."

ஏற்றம்

லிஃப்ட் வந்தது. அதைப் பார்த்து விஞ்ஞானியின் மனைவியும் வந்தார். நாங்கள் குடிபோன அன்று என் கணவர் பெருமையாக நாலாம் எண்ணை அழுத்தினார். முதல் மாடியிலேயே கதவு திறந்தது. வாளி, பாய், பழைய வேட்டியோடு வசந்தா அக்கா.

"கொஞ்சம் ஒதுங்கு சார், மாவு மேல போவணும். நீ அடுத்த ட்ரிப்புல வா."

அடுக்குமாடியின் பாரத்தைத் தூண்கள் தாங்குவதாக இன்ஜினியர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் கட்டடம் ஒரு வாளி வத்தல் மாவின் மேல்தான் நிற்கிறது.