மானுக்குப் பதிலாக நான் நின்ற நாள்

எஸ்பியர்க் துறைமுகத்தில், மீன் தொழிற்சாலையில், எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர் ஒரு டெனிஸ்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அதிகம் பேசமாட்டார். எனக்கோ பேச டெனிஸ் வராது. அதனால் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

அவருக்கு வில்வேட்டைப் பைத்தியம். அந்தக் காலத்தில் டென்மார்க்கில் வில்லால் மான் அடிக்க அனுமதியில்லை. அமெரிக்காவில் குடியேறிவிட்ட தன் அண்ணனிடம் போய் அங்கே ஒரு மானாவது அடிப்பது என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்காக வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, சனிக்கிழமைகளில் அம்பு விட்டுப் பழகினார்.

எனக்கு வேட்டை ஆசை எதுவும் இல்லை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகளுக்கு இரண்டரை வயதாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவன் நான். அவர்களை இங்கே எடுப்பதற்குக் கொடுத்த விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. எப்போது கேட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் சட்டத்துக்கு மாறாக ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதும், அதை விசாரித்ததில் ஒரு அரசாங்கமே விழும் என்பதும், 'தமிழர் வழக்கு' என்று அதற்கொரு பெயர் வரும் என்பதும் அப்போது யாருக்குத் தெரியும்? என்னுடைய படிவத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்து நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அறையில் தனியே கிடந்து சுவரைப் பார்ப்பதைவிட வயலுக்குப் போவது பரவாயில்லை. அப்படித்தான் அவரோடு போகத் தொடங்கினேன்.

ஒருநாள் அவர் மூன்று அம்பு தாங்கிகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார். வில்லின் நடுவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, அம்பு படுத்திருப்பதற்கான சின்னச் சாமான் அது. விரல்நகம் அளவு பொருளுக்கு ஒரு மனிதர் இரண்டு கிழமை நித்திரையைக் கெடுத்திருந்தார் என்றால் நம்பமாட்டீர்கள். முதலாவது பிளாஸ்டிக், ஒட்டுவது. சத்தமே இல்லை, ஆனால் குளிரில் கை நடுங்கினால் அம்பு சரிந்து கீழே விழுந்துவிடும். இரண்டாவது கம்பிச் சுருள். அம்பு நேராகப் போகும், இழுக்கும்போது மட்டும் மெல்லக் கீச்சிடும். மூன்றாவது இரண்டு பல் உள்ள முள்ளுக்கரண்டி போன்றது. பல்லுக்கு நடுவில் அம்பு எத்தனை மணி நேரமும் அசையாமல் கிடக்கும். ஆனால் அதுவும் இரும்பு, அம்போ அலுமினியம்; உரசினால் கேட்கும்.

"குறி தவறினால் திரும்ப எய்யலாம். சத்தம் கேட்டால் மான் நிற்காது" என்றார்.

எது சத்தம் போடுகிறது என்று இழுப்பவருக்கே தெரியாதாம். ஆகவே இருபத்தைந்து அடி தள்ளி, வைக்கோல் கட்டுக்கு எதிர்ப் பக்கத்தில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னை நிற்கச் சொன்னார். அவர் அம்பை விடாமல் இழுக்க மட்டும் செய்வார். என் காதில் விழுந்தால் நான் கையை உயர்த்த வேண்டும். அதாவது, மான் நான்.

கம்பிச் சுருளுக்கு உடனே கை போனது. பிளாஸ்டிக்குக்குப் போகவில்லை. இரண்டு பல்லுக்குப் போனது. அவருக்கு ஆச்சரியம். தன் மனைவியை நிறுத்திப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு எதுவுமே கேட்கவில்லையாம். உனக்கு எப்படி இந்தக் காது என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். ஊரில் கடைசி இரண்டு வருடம் நாங்கள் காதால்தான் உயிர் பிழைத்தோம். ஒழுங்கையில் ஜீப் வேகத்தைக் குறைக்கிற சத்தம், வாசல் படலையின் கொழுவி மெல்லக் கழற்றப்படுகிற சத்தம், துப்பாக்கியில் எதையோ பின்னுக்கு இழுத்து விடுகிற சத்தம். இதையெல்லாம் டெனிஸில் சொல்ல எனக்குச் சொல் இருக்கவில்லை, தமிழில் சொல்லவும் விருப்பமில்லை.

இரண்டு பல்லிலும் கம்பளித் துணி சுற்றிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். என் பழைய கையுறையிலிருந்து இரண்டு கீலம் வெட்டி ஒட்டினார். மறுபடியும் போய் முதுகைக் காட்டி நின்றேன். காற்று இல்லை. ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காததுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. பின்னால் ஒருவன் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், எனக்குத் தெரியவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

"நான் இன்னும் வில்லையே எடுக்கவில்லையே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கம்பளி சுற்றிய தாங்கியே தேர்வானது. அவர் சின்னப் பிள்ளைபோல் மகிழ்ந்தார். நான் நடுங்குவதைக் குளிர் என்று நினைத்து, தன் வேட்டை ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். பச்சையும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டான துணி. வில்லையும் கையில் தந்து ஒரு படம் எடுத்தார்.

இங்கே எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய கார் என்றாலும் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவனும் கடன் வாங்கிய கோட்டோடு சிரிப்பான். எனக்குச் சாயக் கார் கிடைக்கவில்லை, வில் கிடைத்தது. வில் என்றால் எனக்கு இராமன்தான் நினைவுக்கு வந்தான். மனைவி பார்த்தால் சிரிப்பாள் என்று அனுப்பினேன். அந்த ஜாக்கெட் அங்கே யாருடைய கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதை. அதுவும் அவளுடைய மடியில்.

இரண்டு மாதம் கழித்து மனைவியின் பதில் வந்தது. 'படம் கிடைச்சது. இனிமேல் படம் அனுப்ப வேண்டாம்.' அவ்வளவுதான். அதன் பிறகு நாலு மாதம் கடிதமே இல்லை. எதையும் நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நினைத்தேன். மீனை வெட்டும்போதும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஓசையில்லாமல் எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வயலுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

விண்ணப்பங்களை ஒதுக்கி வைத்த விஷயம் பத்திரிகைகளில் நாறிய பிறகுதான் கோப்புகள் அசைந்தன. மனைவியும் மகளும் ஒரு பனிக்காலத்தில் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு ஆறு வயது. விமான நிலையத்தில் நான் கையை நீட்டியதும் தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். கூச்சம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு மாதமாகியும் அவள் என்னோடு தனியே ஒரு அறையில் இருக்கமாட்டாள். இனிப்பை நான் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போன பிறகுதான் எடுப்பாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு ஞாயிறு மத்தியானம், சமையலறையில் மனைவியைக் கேட்டேன். மகள் யன்னல் ஓரம் கதிரையில் ஏறி நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தைச் சொல்லி வளர்த்தனீர் பிள்ளையை?"

மனைவி அடுப்பைத் தணித்தாள். குரலையும் தணித்தாள்.

"ஆமி செக்கிங் வந்தவங்கள். நான் கிணத்தடியிலை இவளைக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டனான். உள்ளுக்கை உங்கடை படத்தைக் கையிலை வைச்சு ஆளாளுக்குப் பாக்கிறது யன்னலாலை தெரிஞ்சுது. அந்த உடுப்போடை நிண்டா இயக்கம் எண்டுதான் நினைப்பாங்கள், டென்மார்க்கிலை இருக்கிறார் எண்டு ஆர் நம்புவாங்கள்? ஈரக்கையாலை பொட்டை அழிச்சுப்போட்டு உள்ளை போனனான். செத்திட்டார் எண்டனான்."

மனைவி மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"என்னை நம்பேல்லை. இவள் குழறி அழுதாள். அப்பா அப்பா எண்டு. அதைப் பாத்துத்தான் விட்டவங்கள்."

"பிறகு உண்மையைச் சொல்லேல்லையோ?"

"எப்பிடிச் சொல்லுறது? வெளியிலை போய்ச் சொல்லிப்போட்டாள் எண்டால்? பிளேனிலை ஏறினாப் பிறகுதான் சொன்னனான், அப்பாட்டைப் போறம் எண்டு."

வெளியே தெருவில் ஒரு மனிதர் இல்லை. மரங்களில் இலை இல்லை. கூரைகள், வேலிகள், நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடந்தன. மகள் யன்னலில் இருந்து திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தாள்.

"அம்மா, நாங்கள் எப்ப செத்தனாங்கள்?"

ஓடிப்போய்த் தூக்க வேண்டும் போல் இருந்தது. கிட்டப் போனால் பயந்துவிடுவாள் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.