பாட்டு டீச்சரும் என் கணக்கு வகுப்பும்

பாட்டு டீச்சர் வருவதற்கு முன்னால், அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த டீச்சர் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் வருடக் கடைசியில் கணக்குப் பரீட்சையில் என் பிள்ளைகள் வாங்கிய மார்க்கைத் தலைமையாசிரியை மற்ற டீச்சர்களிடம் எடுத்துக் காட்டுவார். எனக்கு அது போதுமாக இருந்தது.

விராலிமலையில் பெண்பிள்ளைகள் மட்டும் படித்த சின்னப் பள்ளி அது. எட்டாம் வகுப்பு வரை இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் அங்கே வேலை பார்த்தேன். எங்கள் குடும்பம் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். திருச்சியில் டிரெயினிங் முடித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. காலையில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை பூசை. வேறு எதுவும் என் வாழ்க்கையில் பெரிதாக இல்லை.

ஒரு ஜூன் மாதத்தில் அவர் வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கறுப்பு, உயரம், இரண்டு பக்கமும் மூக்குத்தி. அதற்கு முன் கல்யாண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் பதினைந்து வருடம் கச்சேரி செய்தவர். சங்கீதப் பரீட்சை ஒன்று எழுதித் தேறியிருந்ததால் பாட்டு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வந்த அன்று பிரார்த்தனைக் கூட்டத்தில் கடவுள் வாழ்த்தை அவர் எடுத்துக் கொடுத்தபோது, ரோட்டில் போன மாட்டு வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் பாட்டு, நான் கணக்கு.

ஆனால் எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை இருந்தது. பாட்டை வாரத்துக்கு ஒரு பீரியடு தனியாக வைப்பதில் என்ன பிரயோஜனம், மற்ற பாடத்தோடு சேர்த்தால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்குமே என்று எங்கேயோ படித்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஆறாம் வகுப்புக் கணக்குல வாரத்துக்கு ரெண்டு பீரியடு நீங்க ரெண்டு பேரும் சேந்து நடத்துங்க. எப்பிடின்னு எனக்குத் தெரியாது. நீங்களே பேசி வச்சுக்கங்க."

பாட்டு டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் கணக்குல பூஜ்யம் டீச்சர். நீங்க சொல்றபடி செய்யிறேன்."

அப்போது நான் எட்டு நாளாக மீச்சிறு பொது மடங்கு நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றும் நாலும் முதலில் எங்கே சேரும்? பன்னிரண்டில். கரும்பலகை நிறைய எழுதிப் போட்டும் பாதிப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. இதைத்தான் நடத்துகிறேன் என்று அவரிடம் சொன்னேன். முடியாது என்பார் என்று நினைத்தேன். அவர் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

மறுநாள் வகுப்பை இரண்டாகப் பிரித்து உட்கார வைத்தார். இந்தப் பக்கத்துக்குத் தகிட, அந்தப் பக்கத்துக்குத் தகதிமி. தகிடக்காரர்கள் மூன்றுக்கு ஒரு தட்டு, தகதிமிக்காரர்கள் நாலுக்கு ஒரு தட்டு. அவர் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே வந்தார். முதலில் ஒரே கூச்சல். பிறகு மெல்லப் பிடிபட்டது. அங்கொரு தட்டும் இங்கொரு தட்டுமாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஓரிடத்தில் நாற்பது கையும் ஒன்றாக விழுந்தது. பிள்ளைகள் திகைத்துப் போய்ச் சிரித்தார்கள். மறுபடி தட்டினார்கள், மறுபடி அதே இடத்தில் விழுந்தது.

"எத்தனையில சேந்தீங்க?" என்று கேட்டார்.

"பன்னண்டு டீச்சர்."

"இதத்தான் ஒங்க டீச்சர் எட்டு நாளா சொல்றாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்று கையில் சாக்பீசோடு ஜன்னலோரம் நின்றிருந்த எனக்கு, எட்டு நாளா என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயமெல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. பிள்ளைகள் அவருக்குக் கனகாம்பரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பூ வைப்பதில்லை, எனக்கு யாரும் கொண்டுவரக் காரணமில்லை. இருந்தாலும் வலித்தது. செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பீரியடுக்கு முன் அவர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளில் என்னிடம், "இன்னிக்குப் பாட்டு டீச்சர் வர மாட்டாங்களா?" என்று கேட்டார்கள். வகுப்பு நடக்கும்போது வெளியே மயில் கத்தினால், அவர் அந்தச் சுருதியைப் பிடித்து அப்படியே திருப்பிப் பாடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதே மயில்தான் என் வகுப்பிலும் கத்தியது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தாளம் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது தட்டில் தப்பிவிடும். அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடி பண்ற அங்கிட்டு?" என்று கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

இதையெல்லாம் அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், இந்த நீள வகுத்தல எனக்கு ஒருக்கச் சொல்லிக் குடுங்க. புள்ளைக கேட்டா முழிக்கிறேன்."

சொல்லிக் கொடுத்தேன். சந்தோஷமாகவே சொல்லிக் கொடுத்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. நாலைந்து நாள் அப்படிப் போனது. தப்பு விட்டால் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி எழுதுவார். அப்படி ஒரு நாள்தான், ஸ்லேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"எங்கம்மா கோயில்ல ஆடுனவங்க டீச்சர். எங்க வீட்டுப் பொண்ணுகளைப் பள்ளிக்கூடத்துல யாரு சேத்தா? நான் எண்ணிப் பழகுனதே அவங்க ஆடுற ஜதியப் பாத்துத்தான்."

இங்கே யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

கார்த்திகை வாக்கில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. இன்ஸ்பெக்டர் நெடுநேரம் எங்கள் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பின்னம். ஒரு தட்டுக்குள் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று பிள்ளைகள் சொற்களை நெருக்கிக்கொண்டே போனார்கள். அரை, கால், அரைக்கால் எல்லாம் அவர்கள் வாயிலேயே இருந்தது. அந்தப் பாடத்தை வரிசைப்படுத்தியது நான். எதற்குப் பின் எது வர வேண்டும் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது நான். இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்ப் பாட்டு டீச்சரைக் கும்பிட்டார். அவர், "கணக்கு டீச்சர்தான் எல்லாம் செஞ்சாங்க" என்று சொன்னதையும் கேட்டேன். ஆனால் குறிப்புப் புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் எழுதிவைத்தது பாட்டு டீச்சரைப் பற்றி மட்டும். தலைமையாசிரியை அதை ஸ்டாப் ரூமில் சத்தமாகப் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாயார் என்னைப் பார்த்தார். கொடும்பாளூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம், நல்ல செல்வாக்கு. மகளை அவ்வளவு தூரத்திலிருந்து பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் மக வீட்டுல எந்நேரமும் பாட்டு டீச்சரு பேச்சுத்தான். தட்டுல சோத்த வச்சா தட்டையே தட்டுறா. அவுக எந்த ஊருங்க? என்ன ஆளுக?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் பாராட்டினார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் இரண்டு மூன்று பதில் இருந்தது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் சொன்னேன். கோபத்தில் வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

"நல்லாத்தான் சொல்லித் தாராங்க. அவங்க அம்மா கோயில்ல ஆடுனவங்களாம். அதான் இந்தத் தாளமெல்லாம் இவ்வளவு நல்லா வருது."

அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் ஐந்து பேர் வரவில்லை. புதன்கிழமை பதினொரு பேர். வெள்ளிக்கிழமை நாலைந்து தகப்பனார்கள் தலைமையாசிரியையின் அறைக்கு வந்தார்கள். கதவு சாத்தியிருந்தாலும் வராந்தாவில் கேட்டது.

"கணக்குப் படிக்க அனுப்புனா, இங்க ஆட்டம் பழக்குறீகளா?"

தலைமையாசிரியை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினார். வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மேலிடத்துக்கு மனு போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. பிறகு, சேர்ந்து நடத்தும் பீரியடு நிறுத்தப்பட்டது. பாட்டு டீச்சர் காலைப் பிரார்த்தனைக்கு மட்டும் பாடினால் போதும் என்றானது.

அந்த நாட்களில் ஒரு முறை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பிறர்மேல் பொறாமைப்பட்டேன் என்று சொன்னேன். சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பஸ் நிற்கிற இடத்தில் சொன்ன வாக்கியத்தை அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் லீவுக்கு முன் பாட்டு டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டார். போகிற அன்று ஸ்டாப் ரூமில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். சுருதிப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது பொய்யில்லையே டீச்சர்" என்றார். குரலில் கோபமில்லை. அந்தத் தாயார் என் பேரைச் சொல்லியே ஊரில் பேசியது அவர் காதுக்கும் போயிருந்தது.

நான் மேஜைமேல் இருந்த நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"எங்கம்மா ஆடி நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"நான் பாத்திருக்கேன். கேட்டிருந்தீங்கன்னா அதையும் சொல்லிருப்பேன். அதையும் சேத்து அந்தம்மாகிட்டச் சொல்லிருக்கலாம்."

முடிச்சைப் போட்டு இறுக்கினார். "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில் வகுப்பு முழுக்க என்னுடையதாக இருந்தது. வராமல் நின்ற பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு நாள் தசமப் பின்னம் நடத்தும்போது நானே தாளம் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் கூடவே தட்டினார்கள். நான் தப்பவிட்ட இடத்தில் அவர்களும் தப்பவிட்டது போல நடித்தார்கள். அதன்பிறகு நான் போடவில்லை. மார்க் எப்போதும் போல நன்றாகவே வந்தது.

அவருக்கு மீமிசல் பக்கம் கடற்கரையோரத்தில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். கஷ்டப்படுவார் என்று நினைத்தேன். கஷ்டப்படட்டும் என்று நினைத்த நாளும் உண்டு, அதை மறைத்து என்ன. அங்கே மீன்காரர்களின் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேருகிறார்கள், அவர் பாட்டு மூலம் பூகோளம்கூட நடத்துகிறார் என்று யாரோ சொன்னபோது, இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஆறேழு வருடம் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் ஆசிரியர்களுக்கு ஒரு வார வகுப்பு நடந்தது. மூன்றாம் நாள் மாதிரிப் பாடம் என்று போட்டிருந்தார்கள். மேடையில் ஏறியது அவர். தலை நரைத்திருந்தது. கூட இன்னொரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், சுறுசுறுப்பான கணக்கு டீச்சர். பக்கத்துப் பள்ளியிலிருந்து கூட்டி வந்திருந்த பிள்ளைகளுக்கு விகிதம் நடத்தினார்கள். ஒருத்தர் பாதியில் நிறுத்தினால் மற்றவர் அங்கிருந்து எடுத்தார். நடுவே அந்தப் பெண் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினாள். அவர் காதோரம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் மேடையிலேயே சிரித்தார்கள். கீழே இருந்த நூறு பேரையும் அவர்கள் மறந்துவிட்டது போல இருந்தது.

அன்று எனக்கு அவர்மேல் பொறாமை வரவில்லை. அவர் குரல், தாளம், கைதட்டல் எதுவும் என்னை உறுத்தவில்லை. அந்தச் சின்னப் பெண்ணைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவள் நிற்கிற இடத்தில், அதே பக்கத்தில், நான் நின்றிருக்கிறேன். என்னை யாரும் அங்கிருந்து தள்ளவில்லை.

டீ நேரத்தில் அவரிடம் போனேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நல்லா இருக்கீங்களா டீச்சர்? அம்மா எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்கு மறக்கல டீச்சர்" என்றார். "ஆனா அதையே பேசிட்டிருக்க எனக்கு இப்ப நேரமில்ல. அங்க புள்ளைக காத்திருக்குதுங்க."

கையை விட்டார். அந்தப் பெண் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள். இன்னொன்றை, நான் யாரென்று தெரியாமலே, என்னிடம் நீட்டினாள். அது அவளுக்காக எடுத்து வந்தது. வாங்கிக் குடித்தேன். அவள் தனக்கு இன்னொன்று வாங்கப் போனாள்.

மீதி மூன்று நாளும் முன் வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் நடத்தியதை எல்லாம் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.