ஜெயம்மாள் பிரித்த விண்ணப்பங்கள்

ஜெயம்மாள் எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டைக்கு வேலைக்குப் போவாள். ஓர் உரக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் கூட்டம் நடந்தது. மதில்களில் எல்லாம் சாலை மறியல் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் செல்லமுத்து, கணக்கு எழுத ஓர் ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். சாக்கு நிறைய விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன.

"எல்லாத்தையும் பார்த்துக்கினு இருக்க எனக்கு நேரமில்லம்மா. நீயே ஆறு பேரை எடுத்து வை" என்றார்.

"எத வச்சி சார் எடுக்கறது?"

"பி.காம். முடிச்சிருக்கணும், டைப் தெரியணும். அவ்ளோதான்."

அப்படியே பிரித்தாள். கட்டு பெரிதாகவே இருந்தது. மறுநாள் காலையில், தூரத்து ஊர்க்காரர்களைக் கழித்துவிடு, பஸ் நின்றால் வரமாட்டார்கள் என்றார். கழித்தாள். மதியம் வந்து, பக்கத்து ஊர்க்காரர்கள் வேண்டாம், மறியலுக்கு லீவு கேட்பார்கள் என்றார். கழித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்தாள். சாயங்காலம் அவரே உட்கார்ந்து ஊர்ப்பெயர், தெருப்பெயர், அப்பா பெயர் என்று விரல் வைத்துப் பார்த்தார். சிலதை இந்தப் பக்கம் தள்ளினார், சிலதை அந்தப் பக்கம்.

"இது இன்னா கணக்கு சார்?"

"காலம் சரியில்லம்மா. ஒரே பக்கத்து ஆளுங்க ஜாஸ்தியா சேரக்கூடாது. உனக்கே புரியும்."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. தன் அப்பா பெயரையும் இப்படித்தான் விரல் வைத்துப் பார்த்திருப்பாரோ? கேட்டே விட்டாள்.

"என்னை எதுக்கு சார் எடுத்தீங்க?"

"உன் கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சி. அதான்."

அன்று அவளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தது அவளுடைய அண்ணி. ஜெயம்மாள் கட்டைத் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் அவள் தனக்குத் தோன்றியபடி ஆறு பேருக்கு இண்டர்வியூ கார்டு அனுப்பினாள். களமருதூர் செவ்வந்தி என்ற பெண்ணுடையது செல்லமுத்து வேண்டாமென்று தள்ளிவைத்த விண்ணப்பம். மார்க் அதில்தான் அதிகம். அதையும் சேர்த்துக்கொண்டாள்.

இண்டர்வியூ அன்று மறியல். ஜெயம்மாள் முந்தின நாளே உளுந்தூர்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கிவிட்டதால் அலுவலகம் போக முடிந்தது. வந்தவன் ஒருவன்தான். கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன். பஸ் நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டு முன்கூட்டியே கிளம்பி, லாரி ஷெட்டில் படுத்திருந்தானாம். செல்லமுத்துவுக்கு ஒரே சந்தோஷம்.

"பார்த்தியா, எப்படிப் பொறுக்கி எடுத்தோம்!"

பஸ் ஓடத் தொடங்கியதும் செவ்வந்தி வந்தாள்.

"மரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டாங்கக்கா. அப்பா சைக்கிள்ல பாதி தூரம் வந்து திரும்பிட்டோம்."

"ஆள் எடுத்தாச்சும்மா" என்றாள் ஜெயம்மாள்.

"என் மார்க் கம்மியாக்கா?"

"ஜாஸ்தி."

"அப்ப இன்னா காரணம்?"

ஜெயம்மாள் எழுந்தாள். மேனேஜரிடம் போய், இன்னொரு ஆளும் எடுக்கலாமே என்று கேட்டாள். "ரோட்ட மறிச்சது நானா?" என்றார் அவர்.

வெளியே வந்து செவ்வந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுக்குப் புதிதாக ஒரு பயோடேட்டா டைப் அடித்தாள். அப்பா பெயர் வந்ததும் விரல் நின்றது. போடலாமா, வேண்டாமா?

"போடுங்கக்கா. எங்க அப்பா பேருதான" என்றாள் செவ்வந்தி. அடித்தாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் செவ்வந்தி ஜெயம்மாளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கள்ளக்குறிச்சியில் ஒரு டிராக்டர் கடையில் கணக்கு எழுதுகிறாளாம்.

"எதுக்கு எடுத்தாங்க உன்னை?" சந்தோஷத்துக்கு முன்னால் கேள்விதான் வந்தது ஜெயம்மாளுக்கு.

"தெரியலக்கா. நீங்க அடிச்சுக் குடுத்த பேப்பர முதலாளி வாங்கி டேபிள் மேல வச்சிட்டு, நாளைக்கே வந்துடுன்னாரு. பிரிச்சே பாக்கல."

களமருதூர் பஸ் வந்தது. செவ்வந்தி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.