உதடு படாத கோப்பை

சிங்களம் எனக்கு வரவே இல்லை. என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் எழுதியது, பொறுத்து வாசியுங்கள்.

இன்று இலங்கையில், மாத்தளையில் என்னைப் பார்க்கிறவர்கள் நான் இங்கேயே பிறந்தவன் என்று நினைக்கிறார்கள். என் ஊர் தமிழ்நாட்டில், விருதுநகர் பக்கம். செங்கல் சூளையில் வேலை செய்தேன். ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறது என்று மனதில் உறுதியானபோது இருபத்தைந்து வயது. சூளையில் என்னோடு ஜெபித்தவர்கள் உபவாசம் இருந்து, என் தலையில் கைவைத்து அனுப்பினார்கள். இலங்கை என்றால் தமிழ் பேசுவார்கள், இவன் பிழைத்துக்கொள்வான் என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலவில், ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறிய பயிற்சி வீடு. அங்கே வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்களை அனுப்பப் போவது கலேவெல பக்கத்துச் சிங்களக் கிராமங்களுக்கு. வயல் வேலைக்குப் போகிற விசுவாசிகள் வீடுகளில் நடக்கும் சிறு ஜெபக் கூட்டங்களுக்கு.

காலையில், அந்த வீட்டை நடத்திய போதகரின் மனைவி சிங்களம் சொல்லிக் கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். என் முறை வரும்போது குனிந்து நோட்டைப் புரட்டுவேன். தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேசாதவன் நான். முந்தைய நாள் மனப்பாடம் செய்தது காலையில் பல் துலக்கும்போது இருக்கும், வகுப்பில் உட்கார்ந்தால் போய்விடும். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவர்கள் மேல் இல்லை, என் மேல். சில நாள் தேவன் மேலும்.

என்னோடு கிராமத்துக்கு வருவதற்கு செல்வம் என்ற பையனைப் போட்டார்கள். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இரண்டு மொழியும் தண்ணீர் மாதிரி பேசுவான். பஸ்ஸில் போகும்போது என்னைச் சீண்டிக்கொண்டே வருவான்.

"என்னாண்ணே, இன்னைக்காவது வாயத் தொறப்பீங்களா? இல்லாட்டி நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசணுமா?"

"தெரிஞ்சா பேச மாட்டேனா?"

"தெரிஞ்சாலும் பேச மாட்டீங்க. ஒங்களப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது."

கூட்டம் நடந்தது சோமா அக்கா வீட்டில். அவரும் அவர் கணவரும் நெல்லும் மிளகாயும் போடுகிறவர்கள். முதல் நாள் என்னை வாசலிலேயே வந்து கூப்பிட்டார். "மல்லி" என்று சொன்னார். தம்பி என்று அர்த்தம். பூப்போட்ட பீங்கான் கோப்பையில் பிளேன் டீயும், கடித்துக்கொள்ளக் கித்துல் மரத்துக் கருப்பட்டியும் தந்தார். நான் டீ ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு கோப்பையைத் தூக்கி, உதடு படாமல், ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்தேன். அவர் தந்த மாதிரியே சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று எனக்கு நிம்மதி.

அடுத்த கூட்டத்தில் அவர் வாசலுக்கு வரவில்லை. அதற்கடுத்த முறை டீ வந்தது, பூப்போட்ட கோப்பையில் இல்லை. கொஞ்ச நாளில் செல்வத்துக்கு மட்டும் வந்தது. ஜெப விண்ணப்பம் சொல்கிற நேரத்தில் எல்லோரும் செல்வத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நான் சுவரோரம் பாய் மாதிரி உட்கார்ந்திருப்பேன். வேறு இரண்டு வீடுகளுக்கும் போனோம். அங்கும் இதே கதை.

மொழி தெரியாததால்தான் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? மூச்சு முட்டப் படித்தேன். கிணற்றடியில், கழிப்பறையில், பஸ்ஸில் முணுமுணுத்தேன். நான் முயன்று ஒரு வாக்கியம் சொன்னாலும் சோமா அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தத் தலையாட்டல் அறைந்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க இருந்தா அந்த வீடுகள்ல யாரும் மனசு விட்டுப் பேச மாட்டேங்கிறாங்க. என்னான்னு கேட்டா, ஒன்னுமில்லன்னு சொல்றாங்க."

"எனக்கும் தெரியலய்யா."

"அறுவடை முடியட்டும். அதுக்குள்ள ஒரு மாத்தமும் இல்லாட்டி, ஒங்கள ஊருக்கு அனுப்புறதுதான் நல்லதுன்னு நெனைக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வயல் பக்கம் இருந்த குளக்கட்டில் போய் நின்று தமிழில் சத்தமாகச் சண்டை போட்டேன். "ஆண்டவரே, பேச்சு வராதவனை ஏன் கூப்பிட்டீர்? சூளையில் கல் சுமந்துகொண்டு சும்மா இருந்தேனே. கைவைத்து அனுப்பியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? மொழியைக் கொடும், இல்லாவிட்டால் என்னை விட்டுவிடும்." தண்ணீரில் நின்ற எருமை மட்டும் திரும்பிப் பார்த்தது. தினமும் போய் அதே ஜெபத்தைச் செய்தேன். ஜெபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முறைப்பாடுதான்.

அறுவடை தொடங்கியது. வாய்தான் உதவவில்லை, கையாவது உதவட்டும் என்று சோமா அக்கா வயலில் இறங்கினேன். இரண்டு நாள் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தன. மூன்றாம் நாள் பகலில் கதிர்க்கட்டைத் தூக்கியவன் அப்படியே சரிந்தேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என்னைத் தூக்கிவந்து அவர்கள் வீட்டு விறாந்தையில் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஆட்டோ கூட்டிவரச் செல்வம் ஓடினான்.

கண் விழித்தபோது சோமா அக்கா மட்டும் பக்கத்தில் இருந்தார். கையில் கஞ்சி. அதே பூப்போட்ட கோப்பை. என் தலைமாட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். நான் குடிக்க மாட்டேன் என்று முடிவு செய்தவர் மாதிரி நின்றார்.

கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். நெற்றிக்கு மேலே தூக்க முடியவில்லை. கஞ்சி கழுத்தில் சிந்தியது. தாகம் தாங்கவில்லை. "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். மொழி வேண்டும் என்று அன்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, கோப்பையை உதட்டில் வைத்து, சத்தம் வர உறிஞ்சிக் குடித்தேன்.

சோமா அக்கா சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயல் பக்கம் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவர் ஓடிவந்தார். அக்கா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் கண் கலங்கிச் சிரித்தார். அக்கா என் அருகில் தரையில் உட்கார்ந்து, மறுபடியும் கஞ்சி ஊற்றி, "மல்லி, பொன்ன" என்றார். குடி தம்பி என்கிறார் என்பது எனக்கு யாரும் சொல்லாமல் புரிந்தது.

செல்வம் ஆட்டோவோடு வந்தான். அக்கா சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அண்ணே, நீங்க இவங்கள அசிங்கமா நெனைக்கிறீங்கன்னு இவ்வளவு நாளும் நெனச்சிருக்காங்க. எங்க கை பட்ட கோப்பையில வாய் வைக்க மாட்டேங்கிறாராம், தேவனப் பத்தி மட்டும் சொல்ல வந்திருக்காராம்னு."

"நானா? நீ ஏன்டா சொல்லல?"

"எங்க தாத்தாவும் அப்பிடித்தான் குடிப்பாரு. எனக்கு அது கண்ணுக்கே படலண்ணே!"

நான் படுத்தபடியே அழுதேன். என் ஊர்க் கதையை செல்வத்திடம் சொல்லி, அக்காவுக்குச் சொல்லச் சொன்னேன். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கு வேறு டம்ளர். அது வெளியே கூரையில் செருகி இருக்கும். நாங்கள் குடித்துவிட்டு நாங்களே கழுவி வைக்க வேண்டும். அடுத்தவர் பாத்திரத்தில் எச்சில் பட்டால் அடி விழும் என்று அம்மா என்னைச் சின்ன வயதிலேயே அண்ணாந்து குடிக்கப் பழக்கினார். அக்காவின் கோப்பைக்கு என்னால் தீட்டு வரக்கூடாது என்றுதான் நான் அப்படிக் குடித்தேன். அவரோ, தன்னால் எனக்குத் தீட்டு என்று நான் நினைப்பதாக எண்ணியிருந்தார்.

செல்வம் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். தண்ணீர் கொண்டு வந்தார். தான் ஒரு வாய் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார்.

அந்தத் தண்ணீரை நான் குடித்ததைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

காய்ச்சல் ஆஸ்பத்திரியில் தணிந்தது. சிங்களம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு அக்கா என்னை அடுப்படிக்கே கூப்பிட்டார். தேங்காய் துருவிக்கொண்டு பேசினார், திட்டினார், திருத்தினார். கூட்டத்தில் என் வாயிலிருந்து தடுமாறாமல் வந்த முதல் முழு வாக்கியம் ஜெபம் அல்ல. "அக்கே, தே எக்கக் தென்ன." அக்கா, ஒரு டீ தாருங்கள். வீடே சிரித்தது. என்னை ஊருக்கு அனுப்பும் பேச்சைப் போதகர் மறுபடி எடுக்கவே இல்லை.

இன்று அந்தக் கிராமங்களில் சிங்களத்தில் ஜெபிக்கிறேன். இன்னும் தடுமாறுகிறேன். இன்னும் எரிச்சல் வருகிறது, இன்னும் கூச்சப்படுகிறேன். ஆனால் குளக்கட்டில் நான் போட்ட சண்டையை ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் மொழியைக் கேட்டேன். அவர் முதலில் அந்த வீட்டுக்குள் என்னைச் சேர்த்துவிட்டார். மொழி பின்னால் தானாக வந்தது.

இதை வாசிக்கிற உங்களில் சிலர், கேட்டுக் கேட்டுப் பதில் வராத கோபத்தில் இருப்பீர்கள். நானும் அங்கே நின்றவன்தான். கோபத்தோடேயே கேளுங்கள், அவர் தாங்குவார். ஆனால் நாளைக்கு யாராவது உங்கள் முன்னால் ஒரு கோப்பையை வைத்தால், அதை உயரத் தூக்காதீர்கள். உதட்டில் வைத்துக் குடித்துப் பாருங்கள்.