இருபத்து நான்கு அங்குல வாசல்

திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு மட்டாஞ்சேரியில் அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் அட்டைப்பெட்டி. அதை ஆறு வெளிநாட்டவர்கள் தூக்கி வந்தார்கள். இரண்டு பேர் போதும் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஆறு பேருமே உதவி செய்யக் கடல் கடந்து வந்தவர்கள். நால்வரை மட்டும் சும்மா நிற்கச் சொல்ல முடியாது.

பெட்டிக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் வெறுங்கையோடு வந்தார்கள். பெட்டி தூக்கியவர்கள் பச்சைச் சட்டை, பராமரிப்புக் குழு. மற்றவர்கள் நீலச் சட்டை, வீட்டுக் குழு. ஏழைக் குடும்பங்களுக்கு இரண்டு வாரம் தொண்டு செய்ய, சொந்தச் செலவில் வந்தவர்கள். அவர்களை அழைத்து வந்த அமைப்பின் அலுவலகத்தில் ஆங்கிலமும் மலையாளமும் இருந்தன, தமிழ் இல்லை. அந்த வீட்டில் தமிழ்தான் பேச்சு. தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு எறணாகுளத்தில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றிருந்த என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் இருவர். கணவர் கடைவீதிக் கிடங்குகளில் சுமைத் தொழிலாளியாக இருந்தவர். சுக்கு மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. பதினோரு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். மனைவி தோப்பும்படியில் இறால் உரிக்கப் போகிறவர்.

பராமரிப்புக் குழுவின் தலைவி படிவத்தைப் பிரித்தார். உங்கள் கனவு என்ன என்பது நான்காவது கேள்வி.

"கனவெல்லாம் ஒண்ணும் இல்ல சாரே," என்றார் அவர். "மூலையில இருக்குற சாயாக்கடை வரைக்கும் போகணும். ஒரு சாயா குடிக்கணும். அவ்வளவு மதி, அது போதும்."

"கூட வேலை பார்த்தவங்க தூக்கிட்டுப் போகமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தினமும்தான் கூப்பிடுறானுங்க. இத்தனை வருஷம் மூட்டை தூக்கினேன். இப்ப மூட்டையா போகணுமா? போறதுன்னா உக்காந்துதான் போவேன்."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மீண்டும் சமூகத்தோடு இணைய விரும்புகிறார் என்று எழுதிக்கொள்ளலாமா என்று தலைவி கேட்டார். எழுதிக்கொள்ளலாம் என்றேன். சாயா படிவத்தில் ஏறவில்லை.

சந்தில் சேறு இருந்ததால் பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பிரித்தார்கள். சக்கர நாற்காலி பகுதி பகுதியாக வந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பொருத்தினார்கள். கரடுமுரடான தெருக்களுக்காகவே செய்த நாற்காலி, மடங்காது. திருகாணிகள் தளராமலிருக்க ஒவ்வொன்றிலும் பசை விட்டார்கள். பயிற்சி பெறாதவர்கள் கழற்றக் கூடாது என்ற அட்டையைக் கைப்பிடியில் கட்டினார்கள். அட்டை ஆங்கிலத்தில் இருந்தது.

வீட்டுக் குழு வெளியே ஒன்பது நாள் வேலை செய்தது. படிகளை எடுத்துவிட்டு வாசல்வரை சிமெண்டில் சாய்தளம் கட்டுவது திட்டம். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார் அவர்களுக்கு உதவியாள் என்று பதிவேட்டில் இருந்தது. அவர்கள் மதியம் சாப்பிடப் போகும்போதெல்லாம் உதவியாள், காலையில் அவர்கள் பூசியதை வழித்துவிட்டுத் திரும்பப் பூசினார். சாப்பிட்டு வந்தவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே மெச்சினார்கள். நானும் மெச்சினேன். நல்ல சாய்தளம்.

இரண்டாவது வியாழக்கிழமை திறப்பு. சாய்தளத்தின் அடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மனைவி அன்று இறாலுக்குப் போகவில்லை. கணவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டார். தலைவி பின்னாலிருந்து தள்ளினார். நாற்காலி வாசல் நிலையில் இடித்து நின்றது.

நேராகத் தள்ளினார்கள். திருப்பிப் பின்பக்கமாக இழுத்தார்கள். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தபோது அவர், "விழுந்தது ஒருக்கா மதி சாரே," என்றார்.

கொத்தனார் இடுப்பிலிருந்த டேப்பை எடுத்தார். நாற்காலி இருபத்தாறரை அங்குலம். வாசல் இருபத்து நான்கு.

"பெட்டி உள்ள வந்துச்சே அண்ணே?" என்றார் மனைவி.

"பெட்டி வந்துச்சுக்கா. நாற்காலி எங்க வந்துச்சு? அது உள்ள பொறந்ததுல்ல?" என்ற கொத்தனார் என்னிடம் திரும்பினார். "நிலையைப் பேத்து, சுவத்துல ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிட்டா முடிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள வேலை. கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். பராமரிப்புக் குழுவின் தலைவி, வாசல் என்பது வீடு, அது வீட்டுக் குழுவின் வேலை என்றார். வீட்டுக் குழுவின் தலைவர், தங்கள் திட்டத்தில் இருப்பது சாய்தளம் மட்டும் என்றார். இருவரும் வருத்தத்தோடுதான் சொன்னார்கள். வாசலை மாற்ற அனுமதி கேட்டு அங்கேயே ஒரு விண்ணப்பம் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். அதன்பின் நாடா வெட்டப்பட்டது. பன்னிரண்டு பேரும் சாய்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே, நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் படத்தை ஜன்னல் வழியாக எடுத்தார்கள். பிற்பாடு அமைப்பின் செய்தி மடலில் இரண்டு படங்களும் அருகருகே வந்தன. படக்குறிப்பில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. பத்திரிகையில் இருந்தவன் என்ற முறையில் அந்தத் திறமையை மதிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடைபெற்றார்கள். நால்வர் அழுதார்கள். மனைவி அவர்களைத் தேற்றினார்.

ஞாயிறு காலை கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். கணவரோடு மூட்டை தூக்கிய மூன்று பேரும் வந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். மனைவிக்குத்தான் தயக்கம்.

"வெள்ளைக்கார சாயிப்புமாரு கிட்டக் கேக்க வேண்டாமா?"

"கதவு யாரோடது?" என்றார் கொத்தனார்.

"எங்களோடது."

"சுவரு?"

"அதும் எங்களோடதுதான்."

"அப்பத் தள்ளி நில்லுக்கா, கண்ணுல தூசி விழும்."

பதினொன்றே காலுக்கு நிலை வெளியே வந்தது. வெட்டுக்கல் சுவரை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் செதுக்கினார். கணவர் சக்கரங்களைத் தானே உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். சாய்தளத்தின் நடுவில் நிறுத்தி, கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"ராம்ப் கொள்ளாம், நல்லாருக்கு," என்றார் கொத்தனாரைப் பார்த்து.

"நானா கட்டினேன்? சாயிப்புமாரு கட்டினது."

சாயாக்கடைவரை யாரும் தள்ளவில்லை. ஒருவன் கை வைக்கப் போய்த் திட்டு வாங்கினான்.

"லோடு வந்தாச்சு சேட்டா, இறக்க இடம் விடு!" என்று இன்னொருவன் கடைக்காரரிடம் கத்தினான்.

"லோடு உங்கப்பன்," என்றார் இவர். "சேட்டா, கடுப்பத்துல ஒண்ணு, நல்லா ஸ்ட்ராங்கா."

கடைக்காரர் சாயாவை ஆற்றினார். கிளாஸை நீட்டும்போது, "பதினோரு மாசம் எங்கடா போயிட்டே?" என்றார்.

"உள்ள இருந்தேன்."

"ஜெயில்லயா?"

"ஜெயிலுக்கு வாசல் பெரிசு சேட்டா."

அவர் இரண்டு சாயா குடித்தார். மறுநாளும் வந்தார். பழைய கதவு புதிய வாசலுக்குப் போதாததால் மனைவி அங்கே ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட்டார். கதவைச் சாயாக்கடைக்காரர் கேட்டு வாங்கி, இரண்டு கல்லின்மேல் கிடத்தி பெஞ்சாக்கிக்கொண்டார்.

தலைமையகத்தின் பதில் ஏழு வாரம் கழித்து வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவும், கதவின் தற்போதைய படம் ஒன்று தேவைப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். நானே போய் எடுத்து அனுப்பினேன். படத்தில் நான்கு சுமைத் தொழிலாளிகள் கதவின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.