மாமனின் சோடா உப்பு டப்பி

எங்கள் மாமன் மூக்குப்பொடி போடுகிறவர் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. இடுப்பில் எப்போதும் ஒரு தகர டப்பி இருக்கும். சாப்பிட்டு எழுந்ததும் வேலியோரம் ஒதுங்கி அதைத் திறப்பார். உள்ளே இருந்ததோ வெள்ளை மாவு. உள்ளங்கை நிறையக் கொட்டி வாயில் போட்டுக்கொண்டு, சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பார். கொஞ்ச நேரத்தில் ஓர் ஏப்பம் வரும் பாருங்கள், கட்டுத்தறியில் நிற்கும் எருமை திரும்பிப் பார்க்கும்.

“இன்னொண்ணு உடுங்க மாமா!” என்று நாங்கள் சுற்றி நின்று கூத்தாடுவோம்.

“இரு சாமி, வந்துட்டே இருக்குது” என்பார்.

அது சோடா உப்பு. சந்தைக் கடையில் பலகாரத்துக்கென்று பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதேதான். மாமனுக்கு நெஞ்சு எரிச்சல். எப்போதாவது ஒரு சிட்டிகை தின்கிறார் என்றுதான் அம்மாவும் நினைத்திருந்தாள்.

மழை பொய்த்த வருஷங்களால் தள்ளித் தள்ளிப் போய், விவரம் தெரிந்த வயதில்தான் எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியாது. அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். குமாரபாளையத்திலிருந்து மாட்டுவண்டி கட்டி, சீர்த்தட்டோடு வந்து இறங்கினார்.

எங்கள் வகையில் இன்னொரு வழக்கம் உண்டு. மடியில் உட்காரவைக்கும் முன்பு, பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும் தாய்மாமன் கை நனைத்தாக வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் அந்த வீட்டார் பந்தலுக்கு வரமாட்டார்கள். அந்தப் பேச்சை அப்புறம் காலமெல்லாம் கேட்கப்போவது அம்மா. மாமனுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் சந்தவையும் தேங்காய்ப்பாலும். அடுத்த வீட்டில் ஒப்புட்டும் நெய்யும். பெரியம்மா வீட்டில் மிளகாயை அரைத்து ஊற்றிய கோழிக்குழம்பு. அங்கே மாமன் இலையை மடிக்கப் போனார்.

“ஏனுங்ணா, அந்த ஊட்ல ரண்டுதரம் வாங்கி உண்டீங்களாமா. எங்கூட்டுச் சோறு மட்டும் கசக்குதுங்களா?” என்றாள் பெரியம்மா.

“அட, கசக்குறதாவது! போடம்மிணி” என்று மாமன் இலையை விரித்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காரம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வீட்டு வேலியோரத்திலும் டப்பி திறந்தது. பெரியம்மா வீட்டை விட்டு வரும்போது அதைத் தலைகீழாகத் தட்டி, இருந்த மாவு முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை ஏப்பம் வரவில்லை.

பந்தலில் மாமன் மடியில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் வயிறு உறுமி மேளத்தைப் போல விறைத்திருந்தது. ஆசாரி ஊசியைக் காதில் வைத்ததும் கத்தலாம் என்று வாயைத் திறந்து, அண்ணாந்து பார்த்தேன். மாமன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்; கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்து, “எனக்கு வலிக்கலீங் மாமா, அழுவாதீங்க” என்றேன். பந்தலே நெகிழ்ந்துபோய்விட்டது. மருமகள் மேல் எத்தனை பாசம் என்று பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள்.

இரண்டு காதும் குத்தி முடிந்தது. என்னை இறக்கிவிட்ட மாமன் எழுந்திருக்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

வந்த வண்டியிலேயே அவரைப் படுக்கவைத்து, அப்பா திருச்செங்கோட்டு டாக்டரிடம் ஓட்டிப் போனார். மாமன் பிழைப்பாரா என்று தெரியாமல் அம்மா அடுப்பைக்கூட மூட்டவில்லை. மறுநாள் அப்பா திரும்பி வந்து, ஆள் தப்பிவிட்டார் என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தாள். டாக்டர் மாமனைப் பார்த்துப் பேசியதை, நான் வளர்ந்த பிறகு அப்பா அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்:

“ஏனுங்க கவுண்டரே, இது வயிறா, சோடாக் கடையா? என்னைக்கோ ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, நெறையத் தண்ணீல கரைச்சுக் குடிச்சா ஒண்ணும் பண்ணாது. வயிறு முட்ட உண்டுபோட்டு மேல இதையும் கொட்டுனா, வெடிச்சே போயிருக்கும். தெனமும் தின்னா எரிச்சல்தாங்க அடங்கும், உள்ள இருக்கற புண்ணு அடங்காது. வெளிக்குக் கறுப்பாப் போகுதுங்களா?”

மாமன் தலையை மட்டும் ஆட்டினாராம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் பால் போன்ற ஒரு மருந்தைக் கொடுத்து, சொன்ன அளவுக்கு மேல் தானாகக் கூட்டக் கூடாது, எரிச்சல் மறுபடி வந்தால் டப்பியைத் தேடாமல் நேரே வந்து காட்ட வேண்டும், காரமும் விருந்தும் கிட்டேயே வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினாராம்.

அடுத்த நோம்பித் திருவிழாவுக்கு மாமன் இளைத்துப்போய் வந்தார். வண்டி நின்றதும் பங்காளி வீட்டார் கூப்பிட வந்துவிட்டார்கள். அம்மா வாசலுக்குக் குறுக்கே நின்றாள்.

“எங்கண்ணன் எங்கீம் வரமாட்டாருங்க” என்றாள்.

பெரியம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, “பார்த்துக்கோங்க, பெரிய மவராசி! கூடப் பொறந்தவனுக்கும் போடமாட்டா, போடறவங்க ஊட்டுக்கும் உடமாட்டா” என்றாள்.

“ஆமாங்கக்கா, எனக்கு ஈனப் புத்திதாங்க” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்தாள். மாமனுக்கு முன்னால் ஒரு கிண்ணம் பால்கஞ்சியை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். மாமன் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எனக்கோ அவமானம் தாங்கவில்லை. மாமன் சீர் சுமந்து வந்தவர். அவருக்குப் போய் வெறும் கஞ்சி! இப்படி ஒரு கருமிக்குப் பிள்ளையாகப் பிறந்தோமே என்று வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அன்றைக்குப் பொழுது சாயும்வரை அழுதேன்.