அத்தைக்கு ரூம் போட்ட கதை

என் அலுவலக மேசையின் இழுப்பறையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் அட்டை கிடக்கிறது. கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றின் அறைச் சாவி. கதவில் வைத்தால் பச்சை விளக்கு எரிந்து திறக்குமே, அந்த மாதிரி. மேலே அச்சடித்திருந்த பெயர் பாதி அழிந்துவிட்டது. இன்று கொண்டுபோய் வைத்தால் எந்தக் கதவும் திறக்காது. ஆனாலும் ஸ்டேப்ளர் ஊசி தேடிக் கையை விட்டால் முதலில் தட்டுப்படுவது இதுதான். அத்தை விட்டுப்போனது.

ஈப்போவில் ஒரு பயண நிறுவனத்தில் டிக்கெட்டும் அறையும் பதிவு செய்து கொடுப்பது என் பிழைப்பு. “கே.எல். போறோம், எங்க தங்கறது?” என்று வருகிறவர்களுக்கு ஒரே பாட்டைப் பாடிப் பாடி வாய் வலித்துவிட்டது. படத்தைப் பார்த்து ஹோட்டல் எடுக்காதீர்கள். படத்தில் எல்லா மெத்தையும் வெள்ளையாகத்தான் இருக்கும். ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். சொந்தக் காடியை, காரைத்தான் சொல்கிறேன், ஈப்போவிலேயே விட்டுவிடுங்கள். அங்கே நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் பத்துமலை ஏறிச் சாமி கும்பிட்டே வந்துவிடலாம். மூட்டுவலிக்காரர்கள் கூட வந்தால், எந்த நிலையத்தில் மின்தூக்கி எந்தப் பக்கம் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். சோற்றுக்குக் கவலைப்படுகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸ், துணிமணிக்குப் போகிறவர்கள் மஸ்ஜித் இந்தியா. அவ்வளவுதான் சாஸ்திரம். ஊருக்கெல்லாம் செல்லுபடியான இந்தச் சாஸ்திரம் சொந்த அத்தையிடம் மட்டும் எடுபடவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் இருவரும். அத்தை பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. அப்பா பிறந்த சமயம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் வலிய வந்து பதிந்து கொடுத்திருக்கிறார். அதனால் அப்பாவுக்கு நீல நிற ஐ.சி. எனும் அடையாள அட்டை, இந்த நாட்டின் குடிமகன். அத்தைக்குச் சிவப்பு, நாட்டில் தங்கியிருக்க அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். இங்கேயே பிறந்து, இங்கேயே ரப்பர்ப் பால் வெட்டி, தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறிய பிறகு ஈப்போவுக்கு வந்து பள்ளிக்கூடக் கேன்டீனில் மூன்று இனத்துப் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டவர். ஓட்டுப்போடும் நாளில் நாங்கள் எல்லாரும் கிளம்பும்போது, “போயிட்டு வாங்க, வூட்டுக்கு ஒரு ஆளு காவலு வேணாமா?” என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே போவோம்.

கேன்டீன் வேலையை விட்டபின், அத்தைக்குத் தலைநகரைச் சுற்றிக் காட்ட ஆசைப்பட்டு அழைத்துப்போனேன். ஈப்போவிலிருந்து மின்ரயிலில் ஜன்னலோர இருக்கை. புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டி எடுத்து வந்திருந்தார். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரரும் அதில் பங்கு வாங்கிவிட்டார். நகர ரயில்களை அத்தை பிடித்துக்கொண்ட வேகம் எனக்கே ஆச்சரியம். நான் தடத்தைத் தவறவிட்ட இடத்தில், “எறங்கி எதிர்ப்பக்கம் ஏறணும்டி. நீ என்னா வேலைதான் பாக்குறே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வானத்தை முட்டும் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, “இத்தனை மாடியையும் யாரு கூட்டுறா?”

மாலையில் ஹோட்டலுக்கு வந்தோம். முகப்பில் நின்ற பையன் வேலைக்குப் புதிது போலிருந்தது. இருவர் அட்டையையும் கேட்டான். என்னுடைய எண்ணைக் கணினியில் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அத்தையின் சிவப்பு அட்டையை முன்னும் பின்னும் திருப்பினான். முகத்தைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். “மக்சிக் ஓராங் மானா?” அம்மா எந்த ஊர் ஆள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். “பேராக்,” என்று ஈப்போ இருக்கிற எங்கள் மாநிலத்தைச் சொன்னார் அத்தை. அவன் சிரித்துவிட்டு, வெளிநாட்டுப் பயணிகள் கட்டவேண்டிய வரி ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துவிடுகிறேன் என்றான்.

சிவப்பு அட்டைக்காரர்களுக்கு அந்த வரி கிடையாது. அது என் தொழில், எனக்குத் தெரியும். சொன்னேன். அவன் நம்பவில்லை. என் குரல் ஏறியது. உள்ளிருந்து மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டு வரியை நீக்கினார். அதற்குள் பின்னால் பெட்டிகளோடு நின்ற வரிசை முழுக்க அத்தையை வேடிக்கை பார்த்துவிட்டது. “விடுடி, கட்டித் தொலைச்சிட்டு வா. ஊரே பாக்குது,” என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

அறைக்குள் போனதும் கட்டிலில் உட்காரவில்லை. ஜன்னலோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீ படு. வெளிநாட்டுக்காரிக்கு இது போதும்.” கேலி என்று நினைத்துச் சிரித்தேன். கேலி இல்லை. விளக்கை அணைத்த பிறகு நாற்காலியிலிருந்து குரல் வந்தது: “இதுக்கு முன்ன ரொம்பத் தூரம் போனதுன்னா கேமரன் மலைதான்டி. நான் எந்த நாட்டுலேருந்து வந்தேனாம்?”

அதற்குப் பிறகுதான் குடியுரிமைக்கு எழுதிப் போடுவது என்று பிடிவாதமாக இறங்கினார். அரசு அலுவலகங்கள் இருக்கிற புத்ராஜெயாவுக்கு அலைச்சல் தொடங்கியது. ஹோட்டல் என்று நான் வாயெடுத்தாலே ஒரு சாக்கு தயாராக இருக்கும். அந்த மெத்தை முதுகைப் பிடிக்கிறது. ஏர்கோன் ஒத்துக்கொள்ளாது. லிப்டில் தலை சுற்றுகிறது. உண்மைக் காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புவோம். முடியாதபோது பக்கத்துக் காஜாங்கில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டுக் கூடத்தில் பாய். பாதி ஈப்போவுக்கு அறை போட்டுக் கொடுக்கிற நான், மாவரைக்கும் இயந்திரத்துக்கும் மீன்தொட்டிக்கும் நடுவில் கால் நீட்டப் பழகினேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று அப்பா சிரிப்பார்.

நேர்முகத் தேர்வில் மலாய் பேசத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். சமையல் என்றதும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாவுக்குச் சம்பல் எப்படிச் செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. மிளகாய் விழுது எண்ணெய் கக்கும் முன்னால் புளியை ஊற்றினால் எல்லாம் பாழ் என்பது வரைக்கும் அத்தை மலாயில் விளக்கிவிட்டு வந்தார். வெளியே வந்ததும், “பாஸோ பெயிலோ தெரியாது. அந்தாளு வூட்டுல இன்னிக்குச் சம்பல்தான்,” என்றார்.

பிறகு காத்திருப்பு. என்ன ஆயிற்று என்று விசாரித்தால், பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில்தான் வரும். அத்தையின் முட்டி தேய்ந்தது, கைத்தடி வந்தது, அப்பா காலமானார். தம்பி நீல அட்டையோடு போய்ச் சேர்ந்துவிட்டான், நான் சிவப்போடு போய்விடுவேனோ என்று அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. கோயிலுக்குப் போனால் நீல அட்டையைத் தவிர வேறெதுவும் வேண்டுவதில்லை என்று அவரே சொன்னார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

கடைசியில் கிடைத்தது. நீல அட்டை கைக்கு வந்த அன்று அலுவலகத்துக்குப் போன் செய்தார். “ரூம் போடு.”

“எங்க அத்தை?”

“கே.எல்.லதான். அதே ஹோட்டலு.”

“ஐயோ, அது ஸ்டேசன்லேருந்து தூரம். லிப்ட் ஒண்ணுதான் ஓடுது. காலைச் சாப்பாடு வாயில வைக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸ்ல நல்லதாப் போடுறேன்லா.”

“நல்லதெல்லாம் உன் கஸ்டமருக்குப் போடு. எனக்கு அதே ஹோட்டலு.”

தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை புளிச்சோறு இல்லை, ஜன்னல் வேடிக்கையும் இல்லை. வழி முழுக்கக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். எனக்குத்தான் படபடப்பு. மறுபடியும் யாராவது எதையாவது கேட்டுவைத்தால் இந்தப் பெண்மணி தாங்குவாரா என்று நினைத்துக்கொண்டே போனேன்.

முகப்பில் இப்போது ஒரு பெண். வரிசை நீளம். என் அட்டையை வாங்கித் தட்டிக்கொண்டே, “சத்து சுக்கோப், காக்,” என்றாள். ஒருவருடையது போதும், அக்கா என்கிறாள். அத்தை கைப்பையைத் திறந்து தன் அட்டையை எடுத்து, மேடைமேல் வைத்து, இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார். “அம்பில், அம்பில்.” எடுத்துக்கொள் என்றார். வாக்குவாதம் வேண்டாமென்றோ என்னவோ, அந்தப் பெண் அதையும் எடுத்து எண்ணைத் தட்டினாள். தலையை நிமிர்த்தாமலே இரண்டு சாவி அட்டைகளோடு சேர்த்துத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள். அத்தை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நான்தான் கையைப் பிடித்து நகர்த்தினேன்.

லிப்டில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் தவம் கிடந்து வாங்கிய அட்டை. அரை நொடி நிமிர்ந்து பார்த்தால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்?

“அவ பாக்கவே இல்லையே அத்தை,” என்றேன்.

“உன்னோடதப் பாத்தாளா?”

“இல்ல.”

“பெறகென்ன?”

அறைக்குள் போனதும் கைத்தடியை நாற்காலியில் சாத்திவிட்டு, சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

மறுநாள் ரயிலில் திரும்பி வரும்போது மாத்திரை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். உள்ளே அந்த வெள்ளை அட்டை. என்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். “அத்தை, சாவியத் திருப்பிக் குடுக்கலையா? கேப்பாங்களே!”

“கேக்கட்டும்லா. என் ஐ.சி. நம்பரு அவங்ககிட்டதான இருக்கு? தேடி வரட்டும்.”

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அதன் பிறகு ஒரு தேர்தல் வந்தது. வெயிலில் நிற்க வைக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

சென்ற ஆண்டு அத்தை தவறிவிட்டார். இறப்பைப் பதியப் போனபோது நீல அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்பாவுடையதையும் அப்படித்தான் வாங்கினார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் கொடுக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. அங்கே இருந்தவரும் நிமிர்ந்து பார்க்காமல்தான் வாங்கிக்கொண்டார். பிறகு வீட்டில் அத்தையின் கைப்பையை ஒழித்தபோது அடியில் இந்தச் சாவி அட்டை கிடந்தது. இழுப்பறையில் கொண்டுவந்து போட்டேன்.

அந்த ஹோட்டலை யாராவது கேட்டால் இன்றும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஸ்டேசன் தூரம், லிப்ட் சரியில்லை, சாப்பாடு மோசம். சாவியைக் கேட்டு மட்டும் அங்கிருந்து இதுவரை யாரும் தேடி வரவில்லை. வந்தால் பேராக்காரி ஒருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.